தாரங்கிரே வண்டியில் ஏழு இடம்

திண்டுக்கல்,
ஜூலை 5

மதிப்புமிகு மைத்துனர் கிளெமென்ட் அவர்களுக்கு, உங்கள் அக்கா சகாயசெல்வியின் வீட்டுக்காரன் ஞானதாஸ் எழுதுவது. இறைவன் புண்ணியத்தில் இங்கே இருவரும் சுகம். எனக்குச் சர்க்கரை நூற்றெண்பது. உங்கள் அக்காவுக்கு ஒன்றுமில்லை. அருஷாவில் நீங்களும் நீங்கள் வேலை பார்க்கும் சிமெண்ட் ஆலையும் இதேபோல் நல்லபடியாக இருக்க வேண்டும்.

மே மாதம் பத்தாம் தேதி ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து வந்ததும், பகல் பதினொன்று நாற்பதுக்கு, நம் வீட்டு முன்னறையில் ஒரு தொப்பி வாங்குவதென்று முடிவெடுக்கப்பட்டது. இதை நான் லேசாக எழுதவில்லை. எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் தொப்பி அணிந்தவர் கிடையாது. என் தகப்பனார் வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டார். அவருடைய தகப்பனார் வெயிலில் போகவே இல்லை. நீங்கள் எங்கள் இருவருக்கும் ஜூலை எட்டாம் தேதிக்கு விமான டிக்கெட் எடுத்து அனுப்பி, தாரங்கிரே தேசியப் பூங்காவில் மூன்று பகல், இரண்டு இரவு ஆப்பிரிக்க யானை பார்க்க ஏற்பாடு செய்திருப்பதாக எழுதியதில், நீலமும் கறுப்பும் உடுத்த வேண்டாம், அந்த நிறத்தைத் தேடி ஒரு வகை ஈ வந்து கடிக்கும் என்று எச்சரித்திருந்தீர்கள். பேகம்பூரில் பீர் முகமது கடையில் கருநீலத் தொப்பி மட்டுமே இருந்தது. ஈ விஷயத்தைச் சொன்னேன். "சார், பழனிக்குப் போயி மொட்ட போட்டுட்டு வாரவங்க வாங்குற தொப்பி இது. இதுவரைக்கும் ஈ கடிச்சிச்சுன்னு ஒருத்தரும் திருப்பிக் கொண்டாரல" என்றார். அந்த வாதம் ஏற்கப்பட்டது. வாங்கி வந்தேன். மொட்டைத் தலைக்கான அளவு என்பதால் என் தலையில் அது இறங்கவில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது.

தொப்பிக்குப் பிறகுதான் வண்டி விஷயம் எடுத்துக்கொள்ளப்பட்டது. பூங்காவுக்குள் நமக்கென்று தனி வண்டி, ஓட்டுநர் நீங்கலாக ஏழு பேர் உட்காரலாம், மேற்கூரை திறக்கும் என்று எழுதியிருந்தீர்கள். வசதியைச் சொல்வதற்காகத்தான் எழுதினீர்கள் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. ஆனால் அந்தக் கடிதத்தை நான் என் பெரியப்பா மகன் ராயப்பராஜ் அண்ணனிடம் படித்துக்காட்டிவிட்டேன். அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபத்தாறு வருடமாக நம் பங்குக் கோயிலிலிருந்து வேளாங்கண்ணிக்கு வேன் கிளப்புகிறவர். இதுநாள்வரை அவர் வேனில் ஒரு இடம்கூடக் காலியாகப் போனதில்லை. ஒருமுறை திருச்சியில் ஒருவர் காய்ச்சலில் இறங்கிக்கொண்டபோது, அந்த இடத்துக்கு அங்கேயே பஸ்ஸுக்கு நின்ற ஒரு குடும்பத்தை ஏற்றியிருக்கிறார். அவர் கடிதத்தை வாங்கி ஏழு என்ற எழுத்தின்மேல் விரலை வைத்து, "ஏலே ஞானதாசு, ரெண்டு பேரு போறதுக்கு ஏழு பேரு வண்டியா. அஞ்சு இடம் சும்மா போகுமா" என்றார்.

போகாது என்று எனக்கும் தோன்றியது. முப்பத்தொரு வருடம் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவன் என்ற முறையில், ஒரு கூட்டம் போட்டு, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, இடங்கள் பின்வருமாறு ஒதுக்கப்பட்டன. நானும் உங்கள் அக்காவும். ராயப்பராஜ் அண்ணனும் மதினியும். வண்டியில் தலைசுற்றும் என்பதால் முன்சீட்டில் என் அக்கா ஜோஸ்பின். வேளாங்கண்ணி வேனுக்கு எப்போதும் சமைக்க வரும் மரியராஜ். ஏழாவதாக ராயப்பராஜ் அண்ணனின் சம்பந்தி. அவர் ஒருமுறை மலேசியா போய்வந்தவர், வெளிநாட்டு அனுபவம் ஒருவருக்காவது இருக்கட்டும் என்று சேர்க்கப்பட்டார். விமானத்திலும் ஏழு பேரும் ஏற வேண்டுமே என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. வேனைப் பொறுத்தவரை வேன் வாசலுக்கே வந்துவிடும், ஏறி உட்கார்வதுதான் பயணம். நானும் அந்தப் பழக்கத்திலேயே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த கூட்டத்தில் பூங்காவின் விதிகள் பரிசீலிக்கப்பட்டன. வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்ற விதிக்கு ஜோஸ்பின் அக்கா ஆட்சேபம் தெரிவித்தாள். "மூணு நாளு எறங்காம இருந்தா கால் வீங்கிப்போகும். அவசரத்துக்கு எங்கடா போறது?" அதற்கென்று சில இடங்கள் உண்டு என்று கடிதத்தில் இருப்பதைக் காட்டினேன். "அந்த எடத்துல சிங்கம் வராதுன்னு எழுதியிருக்கா?" எழுதியிருக்கவில்லை. உள்ளே அடுப்பு மூட்டக்கூடாது என்பதற்கு மரியராஜ், அப்படியானால் புளியோதரைதான், மூன்று நாள் தாங்கும், வெஞ்சனத்துக்குக் கருவாடு வறுத்துக்கொள்ளலாம் என்றார். கருவாட்டு வாசனைக்கு என்ன வரும் என்று சம்பந்தி கேட்டார். "என்ன வந்தாலும் பாக்கத்தான போறோம்" என்றார் மரியராஜ். இரவு தங்கும் கூடாரத்துக்குக் கதவு இல்லை, ஜிப்தான் என்றதும் ராயப்பராஜ் அண்ணன், நம்ம ஊர்க்காரன் பூட்டுக்கா பஞ்சம், ஜிப்பு வளையத்தில் மாட்டிவிடலாம் என்று சொல்லி எட்டுப் பூட்டு எடுத்துவைத்திருக்கிறார். உள்ளே இருக்கிறவர் எப்படிப் பூட்டுவது என்பது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அம்புட்டுத் தூரம் போகிறோம், பக்கத்தில் இருக்கிற பிரமிடையும் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று மதினி கேட்டார். அட்லசில் ஸ்கேல் வைத்து அளந்தோம். ஏழு சென்டிமீட்டர் வந்தது. பரவாயில்லை என்று முடிவாயிற்று.

இந்த இடத்தில்தான் உங்கள் அக்கா அடுப்படியிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பட்டியலை வாங்கிப் பார்த்தாள். அதுவரை எந்தக் கூட்டத்திலும் அவள் பேசவில்லை. டீ மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என் தம்பி எங்க உக்காருவான்?" என்றாள்.

பட்டியலை எல்லோரும் பார்த்தோம். ஏழு பெயர் இருந்தது. நீங்கள் இல்லை. இது வேண்டுமென்று செய்ததல்ல மாப்பிள்ளை. வண்டி ஏற்பாடு செய்கிறவர் வண்டியில் வருவார் என்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. ராயப்பராஜ் அண்ணன் சமாளித்தார். "கிளெமென்ட்டு அந்த ஊர்லயே இருக்குறவரு தானம்மா. யானைய என்னைக்கு வேணாலும் பாத்துக்கலாம். வேணும்னா வேற வண்டியில பின்னாலயே வரட்டும்."

"நான் யானை பாக்கப் போகலண்ணே" என்றாள் உங்கள் அக்கா. "யானைதான் வேணும்னா பழனியிலயே பாத்திருப்பேன். அவனப் பாத்துப் பதினோரு வருசமாச்சு."

அப்புறம் உள்ளே போய்விட்டாள். உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. உங்கள் அம்மாவின் அடக்கத்துக்கு நீங்கள் வர முடியாமல் வீடியோவில் பார்த்தீர்களே, அன்று கோயிலிலிருந்து கல்லறைவரை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தவள் அவள்தான். கை வலிக்கிறது என்று அன்று சொல்லவில்லை. எனவே நானும் கேட்கவில்லை.

அவள் சொன்னதைக் கருத்தில் கொண்டு பட்டியலில் ஒருவரைக் குறைக்கலாம் என்று நான் நினைத்தது உண்மை. ஆனால் அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை பூசையில், ஆப்பிரிக்கா செல்லும் நம் பங்கைச் சேர்ந்த எழுவரின் பயணம் நல்லபடி அமைய என்று வேண்டுதல் கருத்து வாசிக்கப்பட்டது. ராயப்பராஜ் அண்ணன் எழுதிக்கொடுத்திருக்கிறார். வேனுக்கு எப்போதும் அப்படித்தான் செய்வார். முழுக்கோயிலும் திரும்பி எங்களைப் பார்த்தது. அன்று மாலையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பிஸ்கட், ஆப்பிள், ஒருவர் வீட்டிலிருந்து சீப்புச் சீப்பாக மலைவாழைப்பழம். வத்தலக்குண்டிலிருந்து வந்த ஒரு தூரத்துச் சொந்தம் வரிக்குதிரையோடு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. பழத்தை வாங்கிக்கொண்டபின் ஏழை ஆறாக்க முடியுமா மாப்ள, நீங்களே சொல்லுங்க. விடுபட்ட ஆளு நாளைக்குக் கல்யாணத்துல பந்தியில எதிர்ல உக்காந்திருப்பாரு. நான் எப்படிச் சோறு எறக்குறது.

இதற்கிடையில் பாஸ்போர்ட் பார்க்கப்பட்டது. எங்கள் இருவரிடமும் இருக்கிறது, முன்னொரு முறை எருசலேம் போவதாக இருந்தோம். சம்பந்தியுடையது காலாவதி. மற்ற நால்வருக்கும் கிடையாது. ஜோஸ்பின் அக்காவுக்குப் பிறந்த தேதியே மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருக்கிறது; ஞானஸ்நானப் பதிவு நான்காவதாக ஒன்று சொல்கிறது. போதாததற்கு, ஆப்பிரிக்கா போய்த் திரும்பி வருகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கு அறுபத்து மூன்று என்பதால் முதலில் டாக்டரிடம் உடல்தகுதிக் கடிதம் வாங்க வேண்டுமாம். ஏழு பேரும் சேர்ந்து போய்ப் போட்டுக்கொள்ளலாம், தூத்துக்குடிக்கு ஒரு வேன் பிடித்துவிடலாம் என்று ராயப்பராஜ் அண்ணன் சொன்னதால் நான் காத்திருந்தேன். உங்கள் அக்கா ஜூன் ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை நாலரை பஸ்ஸில் ஏறித் தூத்துக்குடி போய், ஊசி போட்டுக்கொண்டு, மஞ்சள் அட்டையோடு இருட்டுவதற்குள் திரும்பிவிட்டாள். எங்கே போனாய் என்றேன். "ஊசிக்கு" என்றாள். பயணமே நிச்சயமில்லாத நிலையில் இது அவசரப்பட்ட காரியம் என்பது என் கருத்து. சான்று ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகும் என்பதால் நஷ்டமில்லை.

ஆகவே, சகல அம்சங்களையும் ஆராய்ந்து, நேற்று கூடிய கடைசிக் கூட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவைத் தெரிவித்துக்கொள்கிறேன். எழுவருக்காகப் பூசை வைத்தபின் இருவர் மட்டும் போவது மற்ற ஐவருக்கும் மனவருத்தம் தரும். எனவே ஏழு பேருக்கும் பாஸ்போர்ட் கிடைக்கும்வரை பயணம் ஒத்திவைக்கப்படுகிறது. அடுத்த வருடம் தவக்காலத்தில் வர முடியாது. ஏப்ரல், மே அங்கே மழை என்கிறீர்கள். செப்டம்பரில் வேளாங்கண்ணி, ராயப்பராஜ் அண்ணன் நகர மாட்டார். ஓய்வூதிய நேர்காணலுக்கு நான் இங்கே இருந்தாக வேண்டும். மீதியுள்ள நாட்களில் யானைகளுக்கு எது தோதுப்படும் என்று விசாரித்து எழுதவும். உங்கள் அக்காவிடம் முடிவைத் தெரிவித்தேன். "ஏழு பேருக்கு வச்ச பூசையில ஆளு கொறஞ்சா மிச்ச வேண்டுதல் போறவங்களுக்குக் கூடுதலாக் கெடைக்கும், அம்புட்டுத்தான்" என்றாள். கூட்டம் முடிந்துவிட்டதால் அது பதிவு செய்யப்படவில்லை.

டிக்கெட்டுகளைத் தயவுசெய்து ரத்து செய்துவிடவும். உங்களுக்கு மாதாவின் ஆசீர் என்றும் நிறைந்திருக்க மன்றாடுகிறேன். ராயப்பராஜ் அண்ணனும் ஜோஸ்பின் அக்காவும் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும்
அ. ஞானதாஸ்
துணை வட்டாட்சியர் (ஓய்வு)

பி.கு. (ஜூலை 7): இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க அவசியம் ஏற்படவில்லை. உங்கள் அக்கா கையிலேயே கொண்டுவருகிறாள். என்னுடைய டிக்கெட்டை மட்டும் ரத்து செய்தால் போதும். நாளைக் காலை மதுரையில் விமானம் ஏறி, வியாழன் பகல் இரண்டு இருபதுக்குக் கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்குகிறாள். அடுத்த பத்து நாளைக்கு எனக்கு மதியச் சாப்பாடு பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸிலிருந்து வரும்.