வெண்திரையில் நான் ஊற்றிய பால்

வெராக்ரூஸ் துறைமுகம்,
செவ்வாய், வடகாற்று தொப்பிகளைப் பறிக்கும் நாள்

தலைநகரில் சினிமா படிக்கும் மாண்புமிகு மருமகள் யாதிராவுக்கு, நாற்பது வருடமாகக் காப்பியில் பால் ஊற்றிவரும் மாமா தியோதூலோ ஆசிகளோடு எழுதுவது. இங்கே நான், அத்தை, என் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். இனி சொல்லப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று மேசைமேல் கையடித்து உறுதி கூறுகிறேன்.

நம் காப்பிக் கடையில் படம் எடுத்தார்களே, கதாநாயகி காதலனைப் பிரியும் காட்சி, அதில் என்னைப் பின்சுவரோரம் நிற்கவைத்து, "பெரியவரே, அசையாம நில்லுங்க, போதும்" என்றார் டைரக்டர். நானோ படத்தில் நான்தான் முக்கியம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தேன். திரையில் தெரியாவிட்டால், கூட வேலை பார்க்கும் சர்வர் நிகானோர் என்னை உயிரோடு புதைத்துவிடுவான். லாங் ஷாட் ஆரம்பித்தது. கதாநாயகி துக்கத்தில் கரண்டியால் கண்ணாடி டம்ளரைத் தட்டினாள், டிங் டிங். இந்த ஊரில் டம்ளரைத் தட்டினால் என்ன அர்த்தம்? பால் கொண்டு வா! என் கால் என்னைக் கேட்டா நடந்தது? கெண்டியோடு போய் நின்றேன்.

"கட்! உங்களை யாருய்யா கூப்பிட்டது?"

"அந்தப் பொண்ணுதான் சார். நீங்களும் கேட்டீங்களே!"

மிட் ஷாட்டிலும் டிங் டிங், மறுபடி போனேன், இடுப்புவரை படத்தில் விழுந்தேன். ஏழாவது தடவை அவர் கைகூப்பி, "சரி, ஊத்தித் தொலைங்க. கையை மட்டும் குளோசப்ல எடுத்துக்கறேன்" என்றார்.

போன சனிக்கிழமை திரையிட்டார்கள். துறைமுகமே வந்திருந்தது, இரண்டு கப்பல்கள் புறப்பட மறுத்துவிட்டன. லாங் ஷாட்டில் எல்லாரும் கடையின் அழகைப் பார்த்தார்கள். மிட் ஷாட்டில் கதாநாயகியின் சட்டையைப் பார்த்தார்கள். அப்புறம் வந்தது பார், குளோசப்! கலங்கரை விளக்கம் அளவுக்கு ஒரு கை, மூன்று மாடி உயரத்திலிருந்து, ஒரு துளி சிந்தாமல் பால்! அவள் அழுததை ஒரு ஜீவனும் கவனிக்கவில்லை. நானூறு பேரும் சாவி, மோதிரம், பொய்ப்பல் என்று கிடைத்ததை வைத்து நாற்காலியைத் தட்டிப் பால் கேட்டார்கள். முதல் வரிசைக்காரர்கள் சட்டை நனைந்துவிட்டதாக இன்று காலையும் சாதித்தார்கள். காமிரா கிட்டப் போனால் ஜனங்களுக்கு வேறெதுவும் கண்ணில் படாது. இதைப் பரீட்சையில் எழுதி, கீழே என் பெயரைப் போடு.

உனக்கு நீண்ட ஆயுளும் கீறல் விழாத லென்ஸும் வாய்க்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
புகழால் தொப்பி பத்தாமல் போன
மாமா

பி.கு.: அத்தை இதைப் படித்துவிட்டு, உண்மையை எழுதினால்தான் தருவேன் என்று உறையைப் பிடுங்கி வைத்திருக்கிறாள். அந்தக் கை நிகானோருடையது. டிங் டிங் கேட்டு ஓடியவன் அவன்தான். இப்போது அந்தக் கைக்குக் கையுறை போட்டுக்கொண்டு திரிகிறான். என்னை முழங்கால் ஓடவிடவில்லை, நில் என்றார்கள், நின்றேன். லாங் ஷாட்டில் தூணுக்குப் பக்கத்தில் ஈ அளவு வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கிறது. நானே அதைச் சுவர்ச் சுண்ணாம்பு என்றுதான் நினைத்தேன். உன் அத்தை ஒப்தூலியா மட்டும் என் விலாவில் இடித்து, "அதோ நீங்க! இடது காலைத் தாங்கித் தாங்கி நிக்கிறீங்க. அன்னைக்கும் மருந்து தடவலைதானே?" என்றாள்.

தடவவில்லை. இது மட்டும் உண்மை.