கிராவிட்டி அண்ணாச்சியின் ஐந்து சதவீதம்

கோவில்பட்டியில் எல்லோரும் கண்ணால் கண்டதை நம்புவார்கள். கிராவிட்டி அண்ணாச்சி தன் கண்ணையே நம்பமாட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாரி பேட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்றும் கடை வைத்திருந்தார். பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியைக் கண்ணாடி மிதவை விட்டுப் பார்ப்பதற்கு அந்தத் தொழிலில் ‘கிராவிட்டி பார்ப்பது’ என்று பெயர். அண்ணாச்சி அதைக் கடையோடு நிறுத்தவில்லை. பால்காரர் ஊற்றிய பால், கோயில் பானகம், சம்பந்தி வீட்டுப் பாயசம் எல்லாவற்றிலும் மிதவையை இறக்கினார். ஆசிட்டுக்கு வேறு, பாயசத்துக்கு வேறு என்று சத்தியம் செய்தார். இருந்தும் அந்தப் பாயசத்தை யாரும் தொடவில்லை.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே அண்ணாச்சியும் மதினியும், மதினியின் தம்பி செல்வமும். செல்வம் லோடு ஆட்டோ ஓட்டினான். தங்கமான பையன், சாயங்காலம் ஆறு மணி வரைக்கும். அதற்குமேல் ஒயின்ஷாப். ஒருநாள் ஆட்டோவோடு ஓடைக்குள் இறங்கி, நல்லவேளையாகக் கையை மட்டும் உடைத்துக்கொண்டு வந்தான். மதினி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் பழக்கடையில் விலைபோகாத அடிபட்ட ஆப்பிள்கள் இரண்டு மூட்டை வந்து இறங்கின.

“பிராந்தி நாப்பது பர்சன்ட்டுல்லா? ஒரேயடியா விடச் சொன்னா விடமாட்டான். நான் ஆப்பிள் சாறப் புளிக்க வச்சு அஞ்சுல குடுக்கேன். பொறவு நாலு, மூணு. தீவாளிக்கு சீரோ!” என்றார் அண்ணாச்சி. அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தவரில்லை.

“வீட்டுல இப்படிச் செய்யக்கூடாது அண்ணாச்சி, சட்டப்படி குத்தம்.”

“மருந்துன்னு நெனச்சிக்கிடுங்க தம்பி.”

சாறு பிழிந்து, ஈஸ்ட் போட்டு, தண்ணீர் கேனில் பத்து லிட்டர் ஊற்றி வைத்தார். புது மிதவை கூரியரில் வந்தது. ஆரம்பத்தில் ஆயிரத்து ஐம்பது காட்டியது. புளித்து அடங்கியதும் ஆயிரம். கழித்துப் பெருக்கிப் பார்த்தால் ஆறரை சதவீதம்.

செல்வம் டம்ளரோடு நின்றான். “ஊத்துங்க அத்தான்.”

“ஆறரைல இருக்குல. அஞ்சாக்க வேண்டாமா? பொறு.”

மூன்று லிட்டர் புதுச் சாறு சேர்த்தால் ஐந்தாகிவிடும் என்று கணக்கு. சேர்த்தார். சாற்றிலிருந்த இனிப்பைக் கண்டதும் ஈஸ்ட் மறுபடி வேலையை ஆரம்பித்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பழையபடி ஆறரை! மேலும் நாலு லிட்டர் சேர்த்தார். அதுவும் ஆறரை. கேன் பெருகியதே தவிர வீரியம் இம்மியும் குறையவில்லை. செல்வம் சாயங்காலந்தோறும் ஒற்றைக் கையால் ஆப்பிள் கழுவுவான்; அளவு பார்க்க மிதவையைப் பிடித்துக்கொள்வான்; கணக்கு முடிவதற்குள் ஒயின்ஷாப்பைச் சாத்திவிடுவார்கள்.

மிதவையோடு வந்த துண்டுச்சீட்டில் இன்னொரு வில்லங்கம் இருந்தது. இருபது டிகிரியில் அளந்தால்தான் சரியாகக் காட்டுமாம். சித்திரை மாதக் கோவில்பட்டியில் இருபது டிகிரிக்கு எங்கே போவது? ஒருநாள் ஏடிஎம் அறைக்குள் சாற்றுச் சாடியோடு நின்றவரைப் பார்த்துத் திடுக்கிட்டேன்.

“பணம் எடுக்கவா அண்ணாச்சி?”

“இல்ல தம்பி, இது குளுரட்டும்னு நிக்கேன்.”

வெளியே வரிசையில் நின்ற ஐந்து பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

பொறுமை இழந்த செல்வம், “இனிமே நீங்க அளக்கவே வேண்டாம்” என்று, புதுச் சாறு சேர்த்த மறுநாளே பாதியைச் சோடா பாட்டில்களில் அடைத்து இறுக்கி மூடிவிட்டான். உள்ளே அது தன்பாட்டுக்குப் புளித்தது. ஒரு மத்தியானம் டமால், டமால் என்று வரிசையாக வெடித்தது. பட்டாசு செய்கிற பக்கம் என்பதால் தெருவில் யாரும் அசரவில்லை. நாலாவது வீட்டு ஏட்டையா மட்டும் வாசனை பிடித்து வந்துவிட்டார்.

“என்ன அண்ணாச்சி இது?”

“மருந்து.”

“உங்களையும் மச்சினனையும் ஸ்டேஷன்ல வச்சுப் பாத்தா நல்லாவா இருக்கும்? அவ்வளவையும் என் கண்ணு முன்னால கீழ ஊத்துங்க.”

அண்ணாச்சி கைகூப்பினார். “ஊத்திருதேன். நேத்துதான் தண்ணி சேத்தேன். ஒரே ஒரு அளவு மட்டும் பாத்துக்கிடட்டுமா?”

சாடியை ஏட்டையாவிடமே கொடுத்து நேராகப் பிடிக்கச் சொன்னார் அண்ணாச்சி. கூட்டினார், கழித்தார், முகம் மலர்ந்தது.

“அஞ்சு! ஏட்டையா, கரெக்டா அஞ்சு!”

“சரி, ஊத்துங்க.”

செல்வமும் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, கேன் கேனாகச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். தடுப்பான் என்று பார்த்தேன். முகத்தைச் சுளித்தான்: “இனி ஆப்பிள் வாடையே ஆவாது அத்தான்.”

உள்ளேயிருந்து மதினியின் குரல் வந்தது. “ரெண்டு மாசமா எந்தம்பி அந்தக் கடைப்பக்கமே போவலயே, கவனிச்சீயளா?”

செல்வம் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் போனபின் மெதுவாகக் கேட்டேன். “அண்ணாச்சி, சாறு ஊத்துனா திரும்பப் புளிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?”

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “மொத தடவ தெரியாது தம்பி.”

பிறகு எனக்கு மாற்றலாகி, இரண்டு ஊர் பார்த்துவிட்டேன். வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் தண்ணீர் வசதியை அப்புறம் கேட்கிறேன். கீழ்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் விசாரிக்கிறேன். இன்னும் அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.