மூட்டை மேல் மாப்பிள்ளை

காணியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பவர்களுக்குப் புத்தி சொல்ல எங்கள் ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய் நில் என்பார் ஒருவர். இன்னொரு கண்ணையும் காவலுக்கு வை என்பார் மற்றவர். இரண்டும் நல்ல புத்திதான். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை: பார்க்கப் போகிற இடத்தில் சாப்பிடாதே. இதைக் கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடிப்புக்கு ஆன செலவு என் மாமியுடையது.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கலியாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்படி மருதமுனையில் இருந்து கல்முனைக்கு, என் மனைவி ஜெஸீமாவின் வீட்டுக்குக் குடிபோனேன். அதே வளவில் அவளுடைய தங்கை நூறாவுக்கும் அவர்களின் தாயான என் மாமி ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. ஓடு போடாமல் நிக்காஹ் இல்லை என்று நூறாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். அந்த ஓடு அப்போது நாவிதன்வெளியில், மாமியின் வயலில், கதிராக நின்றது.

அந்த வயலைப் பார்த்தவர் ஆதம்பாவா. விதைப்பு முதல் சூடடிப்பு வரை சொந்தக்காரருக்குப் பதிலாக நின்று எல்லாவற்றையும் நடத்துபவரை நாங்கள் முல்லைக்காரர் என்போம். இவர் பார்க்கத் தொடங்கியதில் இருந்து விளைச்சல் குறைந்துகொண்டே வந்தது. ஒரு வருடம் யானை இறங்கியது என்றார். அடுத்த வருடம் பன்றி. அதற்கடுத்த வருடம் எலி. மிருகம் சிறுத்ததே தவிர நட்டம் சிறுக்கவில்லை.

வழக்கமாக மாமாதான் அறுவடைக்குப் போய்க் களவெட்டியில், அதாவது நெல் அடிக்கும் இடத்தில், நிற்பார். அந்த முறை சைக்கிளில் இருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். நான் முன்வந்தேன். பள்ளிக்கூடத்தில் வணிகக்கல்வி படிப்பித்துக்கொண்டிருந்தேன். சொத்தைக் காப்பது பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு அதிகாரமே இருந்தது. (ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அந்தப் புத்தகத்தில் இல்லை.)

மாமிக்கு மனமில்லை. "நீங்க புதுமாப்பிள்ள மகன். ஒங்களுக்கு என்னத்துக்கு இந்த வெயில்?"

"ஆளட மொகத்தப் பாத்தாலே நான் சொல்லிருவன் மாமி" என்றேன்.

என் முகத்தைப் பார்த்து ஆதம்பாவா என்ன சொல்வார் என்பதை நான் யோசிக்கவில்லை.

திடீரென்று போய் நிற்பதுதான் என் திட்டம். ஆனால் வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சாரனும் உடுத்து, கறுப்புக் குடையும் பிடித்துக்கொண்டு வரம்பில் நடந்தேன். வயலில் நின்ற கொக்குகள்கூட அவ்வளவு வெள்ளையாக இல்லை. களவெட்டியை நான் கண்ணால் காணும் முன்பே அங்கிருந்து சத்தம் வந்தது.

"மாப்பிள்ள வாறாரு! பாயப் போடுங்கடா! கோழியப் புடிங்கடா!"

புதுமாப்பிள்ளை ஓரிடத்துக்கு முதன்முதலாக வந்தால் விருந்து வைக்காமல் அனுப்பக் கூடாது. வைத்ததைத் தின்னாமல் எழும்பினால் வைத்தவருக்கு அவமானம். இது ஆதம்பாவாவுக்குத் தெரியும். இது அவருக்குத் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. வயல் குடிசையான வாடியில் பாய் விரித்து, களவெட்டிக்கு என் முதுகு தெரிகிற மாதிரி உட்கார வைத்தார்கள். நாட்டுக்கோழி ஆணம், அதாவது குழம்பு, வந்தது. பொரித்த மீன் வந்தது. எருமைத் தயிரும் அதற்கு ஊற்ற இனிப்புப் பாணியும் வந்தன.

"தொட்டுப் பாத்தாப் போதுமா மாப்பிள்ள? மறுகா மாமி கேட்டா நான் என்ன மறுமொழி சொல்ற?" என்று ஆதம்பாவா அகப்பையோடு பக்கத்திலேயே இருந்தார். மாமியின் மானத்தைக் காப்பாற்ற நான் தின்றேன். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு; மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பாயிலேயே சாய்ந்தேன்.

விழித்தபோது ஒரு மெசின் பெட்டி நிறைய மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. (உழவு இயந்திரத்தை நாங்கள் மெசின் என்போம், அது இழுக்கும் வண்டியைப் பெட்டி என்போம்.)

"வெதநெல்லு, மாப்பிள்ள. மில்லுல குடுத்து வெச்சாத்தான் பூச்சி புடிக்காது. நீங்க ஒரு மூடையில கை வெச்சா பறக்கத்து" என்றார்.

விளைச்சல் பெருகட்டும் என்று பிஸ்மி சொல்லி ஒரு மூட்டையின் நுனியைப் பிடித்துக் கொடுத்தேன். அடுத்து அவர் சொன்னதுதான் என்னை முழுக்க வென்றது.

"நீங்களும் கூடப் போங்க. இந்த றைவர்மார நம்பேலா."

களவுக்கு எவ்வளவு பயப்படுகிறார் இந்த மனிதர் என்று நெகிழ்ந்துபோனேன். மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்து குடையை விரித்தேன்.

சந்தியில் மாமிக்கு அண்ணன் முறையான இபுறாலெவ்வைக் காக்காவின் தேத்தண்ணிக் கடை. மெசினைக் கண்டதும் அவர் எழும்பி நடுத்தெருவுக்கு வந்து கையை உயர்த்தினார். எனக்குத்தான் மரியாதை செய்கிறார் என்று நினைத்து உரத்து ஸலாம் சொன்னேன். மேலே நிமிர்ந்து பார்த்தார். உயர்த்திய கையை மெல்ல இறக்கிப் பதில் ஸலாம் சொல்லிவிட்டு விலகிக்கொண்டார். மெசின் மில் பக்கம் திரும்பியது. மில்காரரும் கதிரை போட்டு எனக்குச் சோடா தந்தார். ஆதம்பாவா தந்தனுப்பிய, தயிர் நிறைந்த மண் முட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்தேன்.

"தங்கமான மனிசன் மாமி" என்றேன்.

"மெசின் சந்தியில எந்தப் பக்கம் கிறுகின?"

"மில்லுப் பக்கம்."

மாமி தயிர் முட்டியைப் பார்த்தார். "நம்மட வெதநெல்லு எண்டைக்கும் வீட்டுலதானே மகன் இரிக்கி."

அப்போதுதான் இபுறாலெவ்வைக் காக்கா சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். "மில்லுப் பக்கம் போற மெசின மறிக்கச் சொல்லித்தானே நீ என்ன வெச்ச? மறிக்கத்தான் எழும்பின. மேல மாப்பிள்ள குடையோட இருந்தா நான் எப்பிடி மறிக்கிற?"

ஆக, மாமி ஏற்கெனவே ஒரு காவல் வைத்திருந்தார். நல்ல காவல். அதை உடைத்துக்கொண்டு போன ஒரே ஆயுதம் நான்.

பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்மாரிடம் விசயம் போனது. மாமாவால் நடக்க முடியாததால் விசாரணை எங்கள் முற்றத்திலேயே நடந்தது. ஆதம்பாவா பதறாமல் கதைத்தார்.

"மாப்பிள்ளதான் கொண்டு போன. கைச்செலவுக்கு விக்கணுமெண்டு சொன்ன. புதுமாப்பிள்ளக்கி நான் இல்லெண்டு சொல்லேலுமா?"

மில்காரர் நான் மேலே இருந்ததைச் சொன்னார். றைவரும் சொன்னார். இபுறாலெவ்வைக் காக்காவும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஒருவர் சொன்னதிலும் பொய் இல்லை, அதுதான் கொடுமை.

"பிஸ்மி சொல்லி மூடையில கை வெச்சதும் நீங்கதானா?" என்று பெரிய மரைக்காயர் கேட்டார்.

"ஓம்."

"வேலியே பயிர மேஞ்சா..." என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஜெஸீமா ஜன்னலில் நின்று என்னைப் பார்த்தாள். அவளும் நம்பிவிடுவாளோ என்று எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. நெல் போனதைவிட அந்தப் பயம் பெரிது.

கதவுக்குப் பின்னால் இருந்து மாமியின் குரல் வந்தது. "மரைக்காரே, ஒரு கத சொல்லணும். களவெடுக்கிற அளவுக்கு எங்கட மருமகனுக்குப் புத்தி இல்ல. இருந்திருந்தா தயிர் முட்டியோட வீட்ட வந்து, மெசின் கிறுகின பக்கத்தையும் சொல்லியிருப்பாரா?"

முதலில் மாமா சிரித்தார், முறிந்த காலைப் பிடித்துக்கொண்டு. பெரிய மரைக்காயர் தொப்பியைச் சரிசெய்வது போல முகத்தை மறைத்தார். அது அடங்கியதும் மில்காரரைக் கேட்டார்: "காச ஆருட கையில குடுத்த?" மில்காரர் ஆதம்பாவாவைப் பார்த்தார். விசாரணை முடிந்தது.

பாதி நெல் அதற்குள் அரிசியாகிப் போயிருந்தது. திரும்பி வந்ததை வைத்துத் தெருப் பக்கம் மட்டும் ஓடு போட்டார்கள். சமையலறையான குசினிப் பக்கம் தென்னங்கீற்றுக் கிடுகு. மாமி போய்க் கதைத்துச் சமாதானம் செய்ததால் நிக்காஹ் நடந்தது. முதல் மாரிமழைக்குக் குசினி ஒழுகியபோது நூறாவின் மாப்பிள்ளை, என் சகலன், என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "காக்கா, இது மழத்தண்ணியா, நீங்க திண்ட கோழி ஆணமா?"

அதன் பிறகு வயலுக்கு வேறு முல்லைக்காரர் வந்தார். மாமி செய்த ஒரே மாற்றம், தேத்தண்ணிக் கடைக்குச் சொல்லி அனுப்பிய ஒரு வசனம்: "மேல ஆர் இருந்தாலும் மறி. நான் இருந்தாலும் மறி." என் வணிகக்கல்விப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவாக இல்லை.

பல வருடங்களுக்குப் பிறகு எங்கள் பள்ளிவாசலுக்குப் பொருளாளர் தேடினார்கள். கூட்டத்தில் சகலன் எழும்பி என் பெயரைச் சொன்னார். நம்பிக்கையான ஆளா என்று ஒருவர் கேட்டார்.

"களவெடுக்கிற அளவுக்குப் புத்தி இல்ல. எங்கட மாமி மரைக்காயர்மாருக்கு முன்னால சொன்ன சாட்சி இரிக்கி."

ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டேன். முதல் கூட்டத்துக்குப் புறப்பட்டபோது ஜெஸீமா ஒரு சோற்றுப் பார்சலைக் கட்டி என் கையில் தந்தாள்.

"அங்க ஒண்டும் திண்டிராதீங்க" என்றாள்.