உடும்பாரைத் தலைவராக்கிய காடு

ஒரு காட்டில் ஓர் உடும்பு இருந்தார். 'இருந்தது' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அவர் அதிகாரி. அதிகாரியை 'அது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெயர் தெய்வசிகாமணி. அந்தக் காட்டு ஊராட்சியில் நில அமைப்பு அலுவலர். யார் எங்கே வளை தோண்டலாம், எந்த மரத்தில் கூடு கட்டலாம், எந்த இடத்தைச் சும்மா விட்டுவைக்க வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்கிற வேலை. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு கறையான்கூட மண்ணைத் தொட முடியாது.

அவருடைய அளவுநாடா அவருடைய வால்தான். இரண்டு வளைகளுக்கு நடுவே இரண்டு வால் இடைவெளி என்பது விதி. வேலையில் சேர்ந்தபோது இளம் வயது, குட்டை வால். வயது ஏற ஏற வாலும் நீண்டது. அவரே அனுமதி கொடுத்த வளைகளெல்லாம் ஒவ்வொன்றாக விதிமீறல் ஆயின. இது அநியாயம் என்று முறையிட வந்த கீரியிடம், "விதி மாறவே இல்லீங்க. அன்னைக்கும் ரெண்டு வால்தான், இன்னைக்கும் ரெண்டு வால்தான்" என்று பொறுமையாக விளக்கி அனுப்பினார்.

அவர் தன் உயிர்போலக் காத்துவந்தது ஓடைப்பள்ளத்தை. மழைக்காலத்தில் மலைத்தண்ணீர் மொத்தமும் அதன் வழியாகத்தான் ஆற்றுக்குப் போகும். மற்ற மாதங்களில் பள்ளம் காய்ந்து, மெத்தை மாதிரி மணலை விரித்துக்கொண்டு கிடக்கும். அதைப் பார்க்கிற எல்லோருக்கும் நாக்கில் எச்சில் ஊறும்.

அதிகம் ஊறியது மனை வியாபாரியான பெருச்சாளி முத்துவேலப்பனுக்கு. தேர்தல் வந்ததும் அவன் தலைவர் பதவிக்கு நின்றான். "வளை இல்லாதவருக்கு ஒரு வளை. வளை உள்ளவருக்கு இன்னொரு வளை. எல்லாம் ஓடைப்பள்ளத்திலேயே" என்று காட்டின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டான். கீழே கைதட்டல் படங்களாக வந்து குவிந்தன.

அதைக் கேட்டதிலிருந்து உடும்பாருக்குச் சோறு இறங்கவில்லை.

"இவன் தலைவரானா பள்ளம் போச்சு, சொர்ணம்" என்றார் மனைவியிடம். "நானே நிக்கப்போறேன்."

"தாராளமா நில்லுங்க" என்றார் சொர்ணம்மாள். "ஆனா ஓட்டுக் கேக்கப் போற வீட்டுல எதையும் அளக்காதீங்க."

"ஓட்டுக் கேக்கப் போற எடத்துல யாராச்சும் அளப்பாங்களா?"

முதலில் தூக்கணாங்குருவி வீடு. உடும்பார் கைகூப்பினார். சிரித்தார். அண்ணாந்து கூட்டைப் பார்த்தார். "தொங்குற கட்டடத்துக்கு அஸ்திவாரம் எங்கம்மா?" என்று கேட்டுவிட்டார். சொர்ணம்மாள் அவர் காலை மிதித்தார்.

அடுத்தது முள்ளம்பன்றி. அது வாசலுக்கே வந்து வரவேற்றது. "உங்க முள்ளு பொதுப்பாதையில நீட்டிக்கிட்டிருக்கு, கொஞ்சம் உள்ள இழுத்துக்கங்க" என்றார் வேட்பாளர். கதவு சாத்திய சத்தம் பக்கத்துக் காடுவரை கேட்டது.

மூன்றாவதாக முயல் வீடு. "வளைக்கு ரெண்டு வாசல்தான் அனுமதி. மூணாவது எதுக்கு?"

"நரி வந்தா ஓடறதுக்குங்க" என்றது முயல், நடுங்கியபடி.

"அதுக்குத் தனி மனு போடணும். நரி எந்தப் பக்கமா வரும்னும் அதுல எழுதணும்."

அப்போது முயலின் மாமியார் உள்ளேயிருந்து வந்தார். காட்டில் நாலு விஷயம் தெரிந்தவர். "தம்பி, ஒரு சந்தேகம். நீங்க தலைவரா ஆயிட்டீங்கன்னா, அந்த நில அமைப்பு நாற்காலியில யாரு உக்காருவா?"

"வேற யாராச்சும் உக்காருவாங்கம்மா. ஒரே ஆளு ரெண்டு நாற்காலியில உக்கார முடியுமா?"

மாமியார் மருமகனைப் பார்த்தார். மருமகன் மாமியாரைப் பார்த்தது. அந்த வீட்டில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். உங்களுக்குப் புரிந்துவிட்டது. உடும்பாருக்குப் புரியவில்லை.

மறுநாள் காட்டின் காற்றே மாறிவிட்டது. தூக்கணாங்குருவி ஆரத்தி எடுத்தது. முள்ளம்பன்றி ஓடிவந்து கட்டிப்பிடித்தது. உடும்பாருக்குத் தடித்த தோல் என்பதால் பிழைத்தார். கீரி தன் நெஞ்சில் அவர் படத்தைக் குத்திக்கொண்டு அலைந்தது. முத்துவேலப்பனே மைக்கைப் பிடித்து, "உங்கள் பொன்னான வாக்குகளை என்னை எதிர்த்து நிற்கும் அண்ணன் தெய்வசிகாமணிக்கே" என்று தொண்டை கட்டும்வரை கத்தினான்.

"பாத்தியா சொர்ணம், நேர்மைக்கு இன்னும் மதிப்பிருக்கு" என்று உடும்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாக்குச்சாவடியில் எறும்புகள் மட்டும் வரிசையில் நின்றன. மற்றவர்கள் முண்டியடித்து உடும்பாருக்குக் குத்தினார்கள். முத்துவேலப்பனுக்கு ஒரே ஓட்டு விழுந்தது. அதைப் போட்டவர் உடும்பார். தனக்குத் தானே போட்டுக்கொள்வது முறையல்ல என்று நினைத்திருந்தார்.

பதவியேற்ற கையோடு, "ஓடைப்பள்ளத்துல யாரும் கை வைக்கக் கூடாது" என்று முதல் உத்தரவு போட வாயைத் திறந்தார். ஊராட்சிச் செயலர் கொக்கு தொண்டையைக் கனைத்தது.

"ஐயா, நில அமைப்பு விஷயத்துல தலைவர் வாயே திறக்கக் கூடாது. விதி."

"எவன் போட்ட விதி?"

"நீங்க போட்டதுதாங்க. அரசியல்வாதிங்க தலையிடறாங்கன்னு, அந்தக் காலத்துல சண்டை போட்டு வாங்கினீங்களே."

"நல்ல விதிதான்" என்றார் உடும்பார், தன்னையறியாமல். பிறகுதான் அது தன் வாயையே கட்டிப்போட்டது அவருக்கு உறைத்தது.

காலியான நாற்காலிக்கு ஒருவர்தான் விண்ணப்பித்தார். மண் தோண்டுவதில் பரம்பரை அனுபவம் உள்ளவர் என்று முத்துவேலப்பனையே நியமித்தார்கள். அதிகாரி ஆகிவிட்டதால் இனி அவரும் 'அவர்'. ஓடைப்பள்ளம் முழுக்கச் சுண்ணாம்புக் கோடு விழுந்தது, காடே அங்கே குடியேறியது. முயல் குடும்பத்துக்கு ஏழு வாசல் வைத்த வளை கிடைத்தது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டத் தலைவரைக் கூப்பிட்டார்கள். வெட்ட மாட்டேன் என்று சொல்லத்தான் போனார். ஆனால் சாமந்தி மாலையைக் கழுத்தில் போட்டு, "வாழ்க" என்று கத்தினார்கள். இத்தனை வருடத்தில் அவரை யாரும் வாழச் சொன்னதில்லை. வெட்டிவிட்டார்.

அப்புறம் மழை வந்தது. தேர்தல் நடந்த சேதி மலைத்தண்ணீருக்குத் தெரியாது. அது வழக்கமான வழியில் வந்தது. "இந்த இடத்துல தண்ணி ஓடறதுக்கு நான் அனுமதியே கொடுக்கலையே" என்று முத்துவேலப்பன் கரையில் நின்று கத்தினார். தண்ணீர் அவரையும் கூட்டிக்கொண்டு போய், சற்றுத் தள்ளி ஒரு புதரில் மாட்டிவிட்டுப் போனது. ஏழு வாசல் வழியாகவும் வெள்ளம் உள்ளே வந்ததால் முயல்களுக்கு எந்த வாசல் வழியாக ஓடுவது என்ற குழப்பம். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. வீடு என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எல்லோரும் பாறை மேட்டில் நனைந்தபடி நின்றார்கள். உடும்பாரும் நின்றார்.

முயலின் மாமியார் காதிலிருந்து தண்ணீரைப் பிழிந்தபடி சொன்னார்: "தம்பி, அந்த நாற்காலியில நீங்க இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?"

"பின்ன ஏம்மா எனக்கு ஓட்டுப் போட்டீங்க?"

"அந்த நாற்காலியில நீங்க இருந்தீங்களே தம்பி, அதனாலதான்."

நீதி: ஒருவரை இடத்தைவிட்டுக் கிளப்ப வேண்டுமென்றால் எதிர்த்து ஓட்டுப் போடாதீர்கள், அமோகமாக ஜெயிக்க வையுங்கள். அதற்கு முன் மேட்டில் ஓர் இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.