கேட்ட விலைக்கே கொடுத்த காளான்

ஏகநாதனின் உயிருக்கு அன்று முக்கால் ரூபாய் விலை. பேசி முடித்தவர் வில்லியனூர் மளிகைக் கடைக்காரர் தெய்வசிகாமணி. மடுகரையிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்த, சம்பந்தி ஆகப்போகிற ஏகநாதன் பக்கத்து இலையில் இரண்டாம் முறை காளான் குழம்பு கேட்டபோதுதான் அவருக்கு அது உறைத்தது.

காலையில் காட்டேரிக்குப்பம் செல்லக்கண்ணு கூடையோடு கடை வாசலுக்கே வந்து, புத்துக்காளான் என்று இரண்டு ரூபாய் சொன்னாள். "முக்கா ரூபா," என்றார் இவர். ஒரு ரூபாய் வரை ஏறத் தயாராகத்தான் இருந்தார். அவளோ மறுபேச்சில்லாமல் பையில் கொட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கடைத்தெருவில் அவர் கேட்ட முதல் விலைக்கு யாரும் எதையும் கொடுத்ததில்லை. நல்ல சரக்கென்றால் கொடுப்பாளா?

தம் இலையில் இருந்ததை ஓரம் ஒதுக்கிவிட்டுச் சமையற்கட்டுக்கு ஓடினார்.

"கோகிலா, காளானோட வேரு எங்கடி? புத்துக்காளான்னா காம்பு நீட்டா புத்துக்குள்ள போயிருக்கும்."

"அரிஞ்சி தோட்டத்துல கடாசிட்டேன். இப்ப இன்னாத்துக்கு வேரு?" என்றாள் மனைவி.

தோட்டத்தில் கோழிகள் எல்லாவற்றையும் கிளறித் தின்றிருந்தன. அவற்றில் ஒன்று கூடைக்குள் கண்ணை மூடிக் கிடந்தது. குச்சியால் குத்தியும் எழவில்லை. மகள் கமலவேணிக்குப் பால் புகட்டிய வெள்ளிச் சங்கைக் குழம்புச் சட்டியில் முக்கிப் பார்த்தார். கறுத்தது.

"காளான்னா எனக்கு உசுரு. இன்னொரு கரண்டி ஊத்துங்க," என்று கூடத்திலிருந்து ஏகநாதனின் குரல் வந்தது.

கமலவேணியை அவர் மகனுக்குக் கொடுக்கத் தாம்பூலம் மாற்றும் நாள். விஷம் என்று சொன்னால் சம்பந்தம் போகும்; சொல்லாவிட்டால் சம்பந்தியே போவார். தெய்வசிகாமணி ஒரு செம்பு மோரில் இரண்டு கை கல்லுப்பைக் கரைத்தார்.

"எங்க வூட்டு வழக்கம். சம்பந்தம் பேச வந்தவங்க இத்த ஒரே மூச்சா குடிக்கணும்."

ஏகநாதன் மரியாதைக்காரர். முகம் கோணியும் குடித்து முடித்தார். உடனே இன்னொரு செம்பு வந்தது.

"இதுவும் வழக்கமா?"

"அது பொண்ணு தரப்புக்கு. இது புள்ள தரப்புக்கு."

இரண்டாவது செம்பு பாதி வழியிலேயே திரும்பியது. சாப்பிட்டதெல்லாம் கூடவே வந்து தாம்பூலத் தட்டில் இறங்கியது.

"நல்லா எடுங்க. வெஷம் மிச்சமில்லாம போயிடட்டும்," என்று தெய்வசிகாமணி முதுகைத் தடவினார்.

"இன்னா வெஷம்?" ஏகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வெஷம் வெக்கிற வூட்டுல நான் பொண்ணெடுக்கணுமா?"

கோகிலாம்பாள் குறுக்கே வந்தாள். "யாரு வெஷம் வெச்சது? அந்தக் கோழி நேத்துலேருந்து அடைக்கு ஒக்காந்திருக்கு. கொழம்புல அம்மாம் பூண்டு கெடக்கு, வெள்ளி கறுக்காம இன்னா பண்ணும்?"

"அப்ப அந்தப் பொம்பள ஏண்டி கேட்ட வெலைக்கே குடுத்தா?" என்றார் தெய்வசிகாமணி, அழாக்குறையாக.

வாசல்வரை போன ஏகநாதன் நின்றார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. திரும்பி வந்து துண்டை மடியில் வைத்துக்கொண்டு, முகூர்த்தத்துக்கு எந்த மாதம் தோது என்று விசாரித்தார்.

அப்போது வெறுங்கூடையோடு செல்லக்கண்ணு வந்து நின்றாள்.

"மடுகரை ஐயா, 'கடைக்காரரு கஞ்சன், கேக்கற வெலைக்கே குடுத்துடு, மீதிய நான் தர்றேன்'னு பஸ் ஸ்டாண்டுல சொன்னீங்களே. அவுரு முக்கா ரூபா குடுத்துட்டாரு. ஒங்க பாக்கி ஒண்ணேகா ரூபா."