வியாகுலம் ஹாரியட் மலையைத் தாளில் நிறுத்திய படலம்

வாழ்க வியாகுலம்! தூத்துக்குடிக் கரையில் பிறந்து அந்தமான் கடலில் வலைவீசிய வன்தோளன், சுறாவைக் கண்டு சிரித்தவன், சூறைக்காற்றை வைது விரட்டியவன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறின் ஆனி மழையில் படகுத்துறைப் பாசி வழுக்கி வலக்கால் முறிந்தான். மாவுக்கட்டு என்னும் வெண்சிறையில் அடைபட்டு, மரைன் ஹில் வீட்டுச் சன்னலோரம் வீற்றிருந்தான். அம்மாவீரனின் போரைச் சொல்லப் புகுந்தோம். வண்ணங்களின் காவல் தேவதைகளே, எம் நாக்குழறாது காப்பீராக!

கடல் மறுக்கப்பட்ட அவ்வேங்கையின் உறுமல் பொறாத மனையாள் சிசிலியா, தன் தையல் வகுப்பில் பூவேலை மாதிரி வரைவதற்கென மெயின்லேண்டுக் கப்பலில் வந்த போஸ்டர் கலர் புட்டிகளையும் தாளையும் தூரிகையையும் அவன்முன் மேசையில் பரப்பினாள்.

"கையாவது வேல செய்யட்டும். வாய் கொஞ்சம் ஓயட்டும்."

அக்கணமே, துறைமுகத்துக்கு அப்பால் முகில்முடி தரித்து நின்ற ஹாரியட் மலையை நோக்கி வீரன் சூளுரைத்தான்: "ஏ பஹாடே! உன்னைய இந்தத் தாள்ல கொண்டாந்து நிறுத்தல, நான் வியாகுலம் இல்ல!"

மூண்டது முதற்போர். பச்சைப் பெரும்படையை மலைச்சரிவெங்கும் இறக்கியவன், அது காயுமுன்னே வெண்முகிற் குதிரைகளை அதன்மேல் ஏவ, ஈரத்தூரிகை பட்ட பச்சை கரைந்து கிளம்பி வெள்ளையோடு கைகோத்துக்கொண்டது. மேகம் பூசணம் பிடித்த தோசைமாவாயிற்று. இரண்டாம் போரில் அவன் அள்ளி அப்பிய கருநீலமோ, காய்ந்ததும் பழைய லுங்கிபோல் வெளிறிக் காட்டிக்கொடுத்தது. நீர் மிகக் குடித்த தாள் நெளிந்து புரண்டது.

தூரிகை பறந்து சுவரில் மோதிற்று. "கடலும் போச்சு, மலையும் போச்சு" என்றான், மெல்ல. இந்தக் கால் இனியொரு நாள் படகில் ஊன்றி நிற்குமா என்ற அச்சம் அப்போதுதான் அவன் நெஞ்சில் ஏறி அமர்ந்தது.

அடுக்களையிலிருந்து சிசிலியா சொன்னாள்: "மொதல்ல பூசுனது காயட்டுங்க. அப்பறமா அடுத்தது. என்ன அவசரம்?"

வலை போட்டுவிட்டு இரவெல்லாம் காத்திருப்பவனுக்கு, வண்ணம் போட்டுவிட்டுக் காத்திருக்க முடியவில்லையே என வீரன் நாணினான்.

மறுநாள் மூன்றாம் போர். துண்டுத்தாளில் ஒவ்வொரு வண்ணத்தையும் தீட்டி, காய்ந்தபின் அதன் உண்மை முகம் கண்டு தேர்ந்தான். நீரைக் குறைத்தான். தொலைமுகட்டுக்கு இளநீலம், அது காய்ந்தபின் நடுச்சரிவுக்குச் சாம்பற்பச்சை, அதுவும் காய்ந்தபின் கரையோரக் கானுக்கு இருட்பச்சை என அணியணியாய் நிறுத்தி, இறுதியில் குழைவெள்ளையைத் தூரிகைநுனியில் ஏந்தி, மூச்சடக்கி, ஒரே இழுப்பில் முகிலைச் சாத்திக் கையெடுத்தான். மலை நின்றது!

வெற்றிமுழக்கமிட அவன் வாய் திறந்தபோது, மீன்சட்டியோடு வந்த சிசிலியா தாளை நோக்கி நின்றாள். பிறகு, மலையடி கடலில் இறங்கும் இடத்தை விரல் படாமல் காட்டினாள்.

"இந்த முனையத் தாண்டித்தான உங்க படகு வரும்? நீங்க கடலுக்குப் போற நாளெல்லாம் நான் இந்தச் சன்னல்ல நின்னு இதயேதான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

ஆழிநீரோட்டம் அனைத்தும் அறிந்த அவ்வீரன், இதை அறிந்திலன். முழக்கத்தை மறந்து, அவள் காட்டிய முனையைக் குனிந்து பார்த்தான்.

"படகுல நின்னுருமுங்க, கால்" என்றாள் அவள். "சரி, மேசைய ஜல்தி காலி பண்ணுங்க. மீன் அரியணும்."

வியாகுலம் மேசையைத் துடைத்தான்.