கிட்டிவேக் மூழ்காமல் காக்கப்பட்ட வரலாறு

எங்கள் ஊர் ஹெப்பிள்டன், டைன் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே போர்க்கப்பல் கட்டினார்கள். இப்போது நாங்கள் கோப்பு கட்டுகிறோம். நான் கத்பர்ட் ஹெட்லி, நகராட்சி மரபுப் பிரிவின் துணை அலுவலர். என் பொறுப்பில் இருக்கும் அருங்காட்சியகம் என்பது நூலகத்துக்கு மேலே இரண்டு அறைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கப்பல் பொம்மை, வாரத்துக்கு நாலு பார்வையாளர்கள். அதில் இரண்டு பேர் கழிப்பறை தேடி வந்தவர்கள்.

அந்தப் பொம்மை, 1885-இல் எங்கள் ஊரில் கட்டிய கிட்டிவேக் என்ற கப்பலுடையது. 'பாதுகாக்கப்பட்ட குரூசர்' என்பது அந்த வகைக்குப் பெயர். பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. கப்பலுக்குள்ளே வளைந்த இரும்புத் தளம் ஒன்று இருக்கும். அதற்குக் கீழே உள்ள எந்திரங்களுக்குத்தான் பாதுகாப்பு. மேலே நிற்கிற மனிதர்களுக்குக் கிடையாது. அந்த ஏற்பாடு எங்கள் அலுவலகத்தில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இந்தக் கப்பலைக் கணினியில் ஆடும் கடற்போர் விளையாட்டு ஒன்றில் சேர்த்திருந்தார்கள். புதிதாக வருகிறவனுக்கு முதலில் இலவசமாகக் கொடுக்கிற கப்பல் அது. மெதுவாகப் போகும், சீக்கிரமாக மூழ்கும். நானும் வீட்டில் ஆடுவேன். நானூற்றுப் பன்னிரண்டு தடவை மூழ்கியிருக்கிறேன். அலுவலகத்தில் மட்டும் அதைச் சற்றே திருத்தி, நானூற்றுப் பன்னிரண்டு போர் கண்டவன் என்று சொல்லிவைத்திருந்தேன்.

அந்த வருஷம் நாட்டிலுள்ள நகராட்சிகளுக்கெல்லாம் 'டிஜிட்டல் மரபு' என்கிற காய்ச்சல் கண்டிருந்தது. அது இல்லாத அருங்காட்சியகங்களை மூடப்போகிறார்கள் என்று பேச்சு. எங்கள் இயக்குநர் ஃபிலிப்பா தேர்ல்வெல் அவசரக் கூட்டம் போட்டார். அன்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நம் கிட்டிவேக்கை உலகம் முழுக்க ஆடுகிறார்கள், ஒரு நாளைக்கு எட்டாயிரம் தடவை மூழ்குகிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார்.

"எட்டாயிரம் தடவையா? நம்ம ஊர்க் கப்பலா? வெளியில யாருக்காவது தெரியுமா?"

"மூழ்கடிச்சவங்களுக்குத் தெரியும் மேடம்."

"இனிமே அது மூழ்கக் கூடாது. நீங்கதான் கேப்டன்."

இவ்வாறாக, மேன்மை தங்கிய நகரமன்றத்தின் தீர்மானத்தின்படி நான் கேப்டனாக நியமிக்கப்பட்டேன். மனைவியிடம் சொன்னேன். எந்தக் கப்பல் என்று கேட்காமல், மீன் வாங்கி வந்தாயா என்று கேட்டாள்.

முதல் போர் மன்ற மண்டபத்தில் நடந்தது. பெரிய திரை, கழுத்தில் பதவிச் சங்கிலியோடு மேயர், தேநீர், பன்றிக்கறிப் பணியாரம். பணியிடப் பாதுகாப்பு அலுவலர் லயனல் ஓர்ட், கடற்பணி என்பதால் நான் மிதவைச் சட்டை அணிய வேண்டும் என்றார், அணிந்தேன். ஒவ்வொரு குண்டுக்கும் முன்பாக, சுடவேண்டிய அவசியத்தை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும் என்பதும் ஏற்பாடு. முதல் குண்டுக்கான காரணத்தை நான் எழுதிக்கொண்டிருந்தபோதே கிட்டிவேக் ஒரு தீவில் மோதி நின்றது. கையெழுத்து வந்தபோது கப்பல் இல்லை. மொத்தம் ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. மேயர் மட்டும் முடிந்தது தெரியாமல் கைதட்டினார்.

உடனே விசாரணை. விபத்துப் படிவத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று இருந்தது. கப்பலின் மாலுமிக் கணக்குப்படி முந்நூறு என்று எழுதினேன். குடும்பத்தாருக்குத் தகவல் தரப்பட்டதா, இல்லையெனில் காரணம் என்ன என்று அடுத்த கேள்வி. 'விளையாட்டில் குடும்பத்தார் வரையப்படவில்லை' என்று எழுதினேன். லயனல் படித்துப் பார்த்து, இது ஒப்புக்கொள்ளத்தக்க காரணம் என்று முத்திரை வைத்தார். உயிர்தப்பிய ஒரே ஆள் என்ற முறையில் என்னை ஆறு வாரம் மனநல ஆலோசனைக்கு அனுப்பினார்கள். பிஸ்கட் நன்றாக இருந்தது.

விசாரணையின் முடிவு தெளிவாக இருந்தது. கப்பல் நகர்ந்ததால்தான் மோதியது. ஆகவே இனி நகரக் கூடாது. அதன் பிறகு ஒவ்வொரு போரிலும் கிட்டிவேக் புறப்பட்ட இடத்திலேயே ஒரு பாறைக்குப் பின்னால் நின்றது. நான் மிதவைச் சட்டையோடு எதிரே உட்கார்ந்திருந்தேன். நாற்பது போர், ஒரு சேதமும் இல்லை. அறிக்கையில் 'முழுமையான பாதுகாப்பு' என்று தடித்த எழுத்தில் போட்டார்கள்.

நாற்பத்தோராவது போரில், என் அணியில் ஃபின்லாந்துக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள், பைவி என்று பெயர். எங்கள் பக்கத்தில் அவளும் நானும்தான் மிச்சம். எதிரியிடமும் ஒரே கப்பல்தான், அதுவும் புகைந்துகொண்டிருந்தது. அவள் திரையில் எழுதினாள்: "கிட்டிவேக், யாராவது இருக்கீங்களா? கொஞ்சம் முன்னால வந்தா போதும். ஜெயிச்சிடலாம்."

உண்மையில் ஜெயித்திருக்கலாம். என் வாழ்க்கையில் முதல் தடவையாக. விரலை விசைமேல் வைத்துவிட்டேன். பின்னால் லயனல் தொண்டையைச் செருமினார். நான் விரலை எடுத்து, தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று பதில் எழுதினேன். அதைப் படிக்க அவள் இல்லை; மூழ்கிவிட்டாள். அன்றைக்கு எனக்குத் தேநீர் இறங்கவில்லை. அதற்குப் படிவம் கிடையாது.

அடுத்த வாரம் விளையாட்டு நிறுவனத்திலிருந்து தானியங்கிக் கடிதம் ஒன்று வந்தது. இந்தக் கப்பலை நெடுநாள் கவனித்ததில், இயக்குவது மனிதர் என்பதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை, ஆகவே கணக்கு முடக்கப்படுகிறது என்றது. வேலை போயிற்று என்று நினைத்து, அதை ஃபிலிப்பாவின் மேசையில் வைத்துவிட்டு நின்றேன். அவர் இரண்டு தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது.

"மனிதர் யாருமே தென்படலையாம் கத்பர்ட். முழுக்க டிஜிட்டல்னு வெளியாளே சொல்றான். வேற என்ன வேணும்?"

கடிதம் சட்டம் போட்டு மாட்டப்பட்டது. அருங்காட்சியகம் தப்பியது. மாவட்ட விருதும் கிடைத்தது. மேடை ஏறி வாங்கினேன், மிதவைச் சட்டையோடு.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. இப்படி ஒரு சான்றிதழ் தங்களுக்கும் வேண்டும் என்று நகராட்சியின் ஒவ்வொரு பிரிவும் கேட்டது. ஆளுக்கு ஒரு கிட்டிவேக் எடுத்துக்கொடுத்து, அவரவர் மேசையில் எப்போதும்போல் உட்கார்ந்திருக்கச் சொன்னேன். பத்தே நாளில், கேட்ட பதினான்கு பேருக்கும் கடிதம் வந்துவிட்டது. மேயருக்கு மட்டும் இரண்டாம் முறை முயலவேண்டியிருந்தது. முதல் முறை அவர் கை தவறி ஒரு குண்டு சுட்டுவிட்டார்.